ஐந்து டயரும் ஒரு பாலைவனமும்!

கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ என்ற ஊரில்தான் 40-ம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஆரம்பிக்கிறது. அங்கே கிளம்பி நாட்டின் குறுக்கே 2,500 மைலுக்கு மேல் ஓடி, அட்லான்டிக் கடலோரம் வில்மிங்டனில் போய் முடிகிறது. முதல் 150 மைல் போல மொஹாவி பாலைவனம். மரம் கிடையாது, டீக்கடை கிடையாது. பழுப்பு மண்ணும், புல்கூட முளைக்காத மலையும்தான். சாலையோரத்தில் மட்டும் கறுப்பாக, நீளநீளமாக ஏதோ சுருண்டு கிடக்கும். அடிபட்ட பாம்போ என்று பார்த்தால், வெடித்துப் பிய்ந்த டயர்களின் தோல்! லாரி டிரைவர்கள் இதை 'முதலை' என்று சொல்வார்களாம். படுத்திருக்கும் தினுசைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

2024 ஜூலையில் அந்த முதலைகளை எண்ணிக்கொண்டே கிராண்ட் கேன்யன் போனோம். மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி, நான், என் வீட்டுக்காரர். பின்னால் இழுபட்டு வந்தது ஒரு டிராவல் டிரெய்லர்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரம் வைத்த சின்ன வீடுதான் டிராவல் டிரெய்லர். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஏ.சி. எல்லாம் உண்டு. இன்ஜின் மட்டும் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கி மாதிரி ஒரு குண்டில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். ஹோட்டல் வாடகை மிச்சம். ரசம் சாதம் நம் கையால். எங்கள் மாப்பிள்ளை வாங்கியிருந்தது 2016-ம் வருஷத்து மாடல், 25 அடி நீளம், இரண்டு அச்சு, நாலு சக்கரம். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது, "டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது" என்று விற்றவர் சொன்னாராம்.

புதுசு மாதிரிதான் இருந்தது. ரிவர்சைடு பக்கம் வாடகைக்கு வண்டி நிறுத்தும் மைதானத்தில் போய்ப் பார்த்தோம். பட்டன் தேயவே இல்லை. வெயிலில் நின்று மேல் பெயின்ட் வெளுத்திருந்ததே தவிர, டயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் மதுரையில் அரசு பஸ் ஒர்க்‌ஷாப்பில் 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற கார்களின் டயரைப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு வருவார். அவர் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார். பட்டன் பள்ளத்துக்குள் நகத்தை வைத்து விரித்தார். தலைமுடி கனத்தில் கோடு கோடாக வெடிப்பு.

"மாப்பிள்ளை, இது என்ன வருஷத்து டயர்?"

"தெரியலையே மாமா. வண்டியோட வந்ததுதான்."

டயருக்குப் பிறந்த தேதி உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் டி.ஓ.டி. என்ற எழுத்தில் தொடங்கி ஒரு நம்பர் இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் ஜாதகம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஆனால், முழு நம்பர் டயரின் ஒரு பக்கத்தில்தான் கட்டாயம். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து தேதி தெரியாது. மேலே கோணிப்பை மாதிரி ஒன்றை விரித்து, 64 வயசு மனுஷர் டிரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். 3116. அதாவது 2016-ம் வருஷம் 31-வது வாரம். நாலும் அதே தேதி. பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னியும் அதே தேதி, ஒரு மைல்கூட ஓடாமலே!

"எட்டு வயசு. மாத்தணும்" என்றார்.

இங்கேதான் சிக்கல். ஏப்ரலில் மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்தது. பெரிய கம்பெனி, கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு லீவு, நாங்களும் வந்திருக்கிறோம், ஹோட்டல் செலவு இல்லாமல் எங்காவது போய்வரலாம் என்றுதான் இந்தப் பயணமே. அதில் ஐந்து டயர் என்றால் மகளுக்கு முகம் சுருங்காமல் என்ன செய்யும்? "அப்பா, பட்டன் அப்படியே இருக்கே. உங்க டிப்போவில் இதைவிட மோசமா ஓடலையா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதற்கு இவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. டிப்போவில் ஒரு டயருக்கு வயசாக விடமாட்டார்கள். வண்டி ராத்திரி பகல் ஓடும்; பட்டன் தேயும்; மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவார்கள்; கடைசியில் ஓடியே தீர்ந்துபோகும். டிரெய்லர் டயர் கதை வேறு. வருஷத்தில் பத்து மாதம் மூன்று டன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை உலர்த்தி வெடிக்கவைக்கின்றன. ஓடும்போதுதான் டயருக்குள் கலந்திருக்கும் மெழுகும் எண்ணெயும் கசிந்து மேலே வந்து ரப்பரைக் காக்கும். ஓடாத டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. பட்டனைப் பார்த்து முடிவு பண்ணுவது பஸ்ஸுக்குச் சரி, இதற்குச் சரிவராது. டிரெய்லர் டயரை ஐந்து, மிஞ்சினால் ஆறு வருஷத்தில் மாற்றிவிடுங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

"நான் வாங்கித் தர்றேன்" என்று இவர் சொல்ல, "வேண்டாம் மாமா" என்று மாப்பிள்ளை சொல்ல, இரண்டு நாள் வீட்டில் யாரும் டயர் பேச்சே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளையே லாஸ் வேகாஸில் போட்டிருந்த இரண்டு ராத்திரி ஹோட்டல் புக்கிங்கை ரத்து பண்ணிவிட்டு, "போலாம் மாமா, டயர் பார்ப்போம்" என்றார். ஸ்டெப்னி மட்டும் மாமனார் கணக்கு என்று சமரசம் ஆனது.

ஸ்டெப்னி என்றதும் ஒரு விஷயம். இந்த வார்த்தை அமெரிக்காவில் யாருக்கும் புரியாது. ஸ்பேர் என்றால்தான் புரியும். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே 1904-ல் இரண்டு சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. கம்பெனி போய்விட்டது, பெயர் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் தங்கிவிட்டது.

டயர் வாங்குவதற்கு முன்னால் எடை போட வேண்டும் என்றார் இவர். நல்ல யோசனை. எவ்வளவு பாரம் என்று தெரியாமல் எந்த டயரை வாங்குவது? ஒன்டாரியோ ஊர்ப் பக்கம் லாரிகள் தங்கும் டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கிறது. பயணத்துக்கு ஏற்றுகிற சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி, மெல்ல ஓட்டிப் போனோம். தண்ணீரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒரு கேலன் 3.8 கிலோ. 40 கேலன் தொட்டி நிரம்பினாலே 150 கிலோ. மேடையில் தனித்தனித் தட்டுகள். டிரக்கின் முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லர் அச்சுகள் இன்னொன்றில். சீட்டு கையில் வந்தது: டிரெய்லர் அச்சுகளின் மேல் 6,480 பவுண்டு, ஏறத்தாழ 2,940 கிலோ.

பழைய டயரின் மேல் எழுதியிருந்தது எஸ்.டி. 205/75 ஆர் 14, லோட் ரேஞ்ச் சி. எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. கார் டயருக்கு இந்த எழுத்து இருக்காது. இரண்டு அச்சு நெருக்கமாக இருப்பதால், டிரெய்லரை வளைக்கும்போது டயர்கள் பக்கவாட்டில் தரதரவென்று இழுபடும். அதைத் தாங்கத்தான் கன்னம் கெட்டியாகச் செய்கிறார்கள். லோட் ரேஞ்ச் சி என்றால் ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும், அதுவும் 50 பாயின்ட் காற்று முழுசாக இருந்தால். நாலு டயருக்கு 7,040. எங்கள் எடை 6,480. கணக்குப்படி சரிதானே என்று தோன்றும். ஆனால், எடை நாலு சக்கரத்துக்கும் சமமாகப் பிரியாது. ஃபிரிட்ஜும் அடுப்பும் ஒரே பக்கம் இருக்கின்றன. ஒரு டயரில் காற்று பத்து பாயின்ட் இறங்கினாலே அதன் தாங்கும் சக்தியும் இறங்கிவிடும். புதிதாக விற்கும்போதே மட்டுமட்டான டயரைப் போட்டு அனுப்புகிறார்கள் என்பது இவருடைய புகார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மூன்று படுக்கை, இரண்டு சோபா, மைக்ரோவேவ் என்று உள்ளே வாரி இறைப்பவர்கள், கீழே டயரில் ஏன் கை இறுக்குகிறார்கள்?

வீட்டுக்கு வந்து டேபிள் டாப் கிரைண்டரை நான் இறக்கி வைத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

டயர்க் கடைக்காரர் மெக்ஸிகோ வம்சாவளிக்காரர். ஆங்கிலம் அவருக்கும் அளவாக, இவருக்கும் அளவாக. அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. முதலில் ஒரு மலிவு டயரைக் காட்டினார். அதே சி ரகம், உச்ச வேகம் 65 மைல். விலை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்து அதே அளவில் லோட் ரேஞ்ச் டி. 65 பாயின்ட் காற்றில் ஒரு டயர் 2,040 பவுண்டு தாங்கும், நாலுக்கு 8,160. அளவு மாறாததால் சக்கரக் குழிக்குள் உரசாமல் உட்காரும். அந்த ரகத்தில் குட்இயர் எண்டூரன்ஸை எடுத்துப் போட்டார். 2017-ல் வந்த டயர். வேகக் குறியீடு என், அதாவது 87 மைல் வரை. கார்லைல், மேக்சிஸ் என்றும் டிரெய்லர்காரர்கள் பேசிக்கொள்ளும் பெயர்கள் உண்டு. எங்கள் அளவில் அன்று அந்தக் கடையில் இருந்தது இதுதான்.

விலை வித்தியாசம் ஒரு டயருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மகள் என்னைப் பார்த்தாள். நான் பேத்தியைப் பார்த்தேன். மாப்பிள்ளை, "இதையே போடுங்க" என்று டி ரகத்தைக் காட்டிவிட்டார்.

அதோடு விடவில்லை. காற்று 50-லிருந்து 65-க்குப் போவதால், ரிம் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் குத்தியிருந்த எண்ணைத் தேடிப் படித்தார்கள். தாங்கும். சாதாரண ரப்பர் வால்வு 65 பாயின்ட் வரைக்கும்தான் என்பதால், அதைத் தூக்கிவிட்டு உலோக வால்வு போட்டார்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் டயரை மட்டும் பெரிய ரகமாக வாங்கி மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் பித்தளை மூடி போடுகிற கதை. புது டயரின் தேதியையும் பார்த்துத்தான் மாட்டச் சொன்னார் இவர். கடையில் இரண்டு வருஷம் கிடந்த டயரைப் புதுசென்று தலையில் கட்டிவிட்டால் நமக்கு இரண்டு வருஷம் நஷ்டம். தேதி 1924. பேரன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, இது நூறு வருஷம் பழசு!" என்று கத்தினான். 2024-ன் 19-வது வாரம் என்று அவனுக்குப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது.

கழற்றிய பழைய டயர் ஒன்றைக் கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து, உள்பக்கக் கன்னத்தைக் காட்டினார். வெளியிலிருந்து தெரியாத இடத்தில் முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. உள்ளே இழை விட்டுவிட்டது என்று அர்த்தம். மகள் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கார்டை எடுத்து நீட்டினாள். ஐந்துக்கும் கூலியோடு 900 டாலர் சொச்சம்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. நம் வீட்டில் என்றைக்கு அது நடந்திருக்கிறது? புளியோதரை கட்டி, தயிர்சாதம் கட்டி, ஏழு மணி ஆயிற்று. கஹோன் கணவாய் ஏறி இறங்கி பார்ஸ்டோ வந்ததும் ஒரு நிறுத்தம். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 மைலிலிருந்து 100 மைலுக்குள் மறுபடி முடுக்க வேண்டும். டார்க் ரென்ச் வைத்து, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் மாமனாரும் மருமகனும் முடுக்கினார்கள். இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறின.

பிறகு 40-ம் எண் சாலை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். எல்லோரும் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும்.

லட்லோ என்ற ஊரை நெருங்கும்போது சாலையோரம் ஒரு டிரெய்லர் சாய்ந்து நின்றது. நெடுஞ்சாலை போலீஸ் கார் ஒன்று விளக்கைச் சுழற்றியபடி பின்னால். கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையும் இவரும் போனார்கள். எழுபது தாண்டிய அமெரிக்கத் தம்பதி. டயர் வெடித்ததும் பிய்ந்த ரப்பர் சாட்டை மாதிரி சுழன்று அடித்திருக்கிறது. மேலே இருந்த தகடு கிழிந்து, அதற்குள் போகும் தண்ணீர்க் குழாய் அறுந்து, தரைப் பலகையே பெயர்ந்துவிட்டது. ஓட்டிய பெரியவருக்கு முதலில் தெரியவே இல்லையாம். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துக் கைகாட்டித்தான் நிறுத்தியிருக்கிறார். இரண்டு அச்சு வண்டியில் அதுதான் ஆபத்து. ஒரு டயர் போனால் பக்கத்து டயர் இரண்டு டயரின் சுமையையும் தாங்கிக்கொண்டு ஓடும், அதுவும் போகும் வரைக்கும். "நாலாயிரம் மைல்கூட ஓடாத டயர்" என்று அந்தப் பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இவர் அந்தப் பக்கத்து டயரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். தேதியைக் கேட்டதற்கு, "அத விடு" என்றார். அந்தம்மா மோர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் துடைத்துக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீடில்ஸ் ஊருக்குள் இறங்கும்போது மணி ஒன்றரை. வண்டியின் தெர்மாமீட்டர் 114 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் 45-க்கும் மேல். கொலராடோ ஆற்றங்கரையில் இருந்தும் ஊர் அடுப்புதான். 'பீனட்ஸ்' கார்ட்டூன் வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் சின்ன வயசில் இங்கே இருந்திருக்கிறார். அதனால்தான் ஸ்னூப்பி நாயின் அண்ணன் ஸ்பைக்கை இந்தப் பாலைவனத்தில் குடிவைத்தாராம். பேத்திக்கு அது ஒன்றுதான் அந்த ஊரில் பிடித்தது.

அங்கே ஒரு சின்னப் பதற்றம். ஒவ்வொரு வால்வின் மேலும் மூடிக்குப் பதில் ஒரு சென்சார் திருகியிருந்தோம். காற்றும் சூடும் எவ்வளவு என்று டிரைவர் முன்னால் ஒரு குட்டித் திரையில் காட்டும். காலையில் 65 வைத்தது இப்போது 76. வெயில் படும் பக்கம் இன்னும் இரண்டு கூட. "அப்பா, வெடிச்சிரும்போல இருக்கே, காத்தை இறக்கலாமா?" என்று மகள் கேட்டாள். கூடவே கூடாது. டயரில் எழுதியிருக்கும் எண் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு. ஓடினால் சூட்டில் ஏறுவது சகஜம். அதற்கு இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். சூட்டோடு காற்றை இறக்கினால் கன்னம் மடிந்து மடிந்து இன்னும் சூடேறும். வெடிப்பதற்கு அதுதான் வழி. நாலு எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ஒன்று மட்டும் தனியாக இறங்கினாலோ, ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தாலோதான் நிறுத்த வேண்டும்.

ஆற்றைக் கடந்தால் அரிசோனா. அங்கே 75 மைல் என்று பலகை ஆசை காட்டும். நம் டயர் 87 தாங்கும் என்பதற்காக மாப்பிள்ளை ஆசைப்படவில்லை. 62-ஐத் தாண்டவே இல்லை. கிங்மேன் வரை ஏற்றம், அதற்கு மேலும் ஏற்றம். நீடில்ஸ் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரம். கேன்யனின் தென்விளிம்பு 2,100 மீட்டர்.

வழியில் செலிக்மன் ஊரில் காபிக்கு நிறுத்தினோம். பழைய ரூட் 66 சாலை ஊர். 1978-ல் நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனதும் கடைகள் காற்று வாங்கின. ஏஞ்சல் டெல்கடியோ என்ற முடிதிருத்துபவர் விடவில்லை. 1987-ல் ஆட்களைச் சேர்த்துச் சங்கம் வைத்து, அரிசோனா அரசை இதைச் சரித்திரச் சாலை என்று அறிவிக்க வைத்தார். இன்று அவர் கடை வாசலில் பஸ் பஸ்ஸாக ஜனம். பிறகு வில்லியம்ஸ். ரூட் 66-ல் கடைசியாக, 1984-ல்தான் அதைச் சுற்றிக்கொண்டு புதுச் சாலை போனது. அங்கிருந்து வடக்கே திரும்பி 60 மைல்.

டிரெய்லர் போடும் இடத்துக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. கேன்யனை மறுநாள் காலையில்தான் பார்த்தோம். அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. ஒரு மைல் ஆழம் என்கிறார்கள். விளிம்பில் நின்றபோது பேரன்கூட சத்தம் போடவில்லை.

அதற்கும் முன்னால், ஐந்தரை மணிக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இவர் காற்று கேஜோடு வெளியே போனார். நானும் காபி டம்ளரோடு போனேன். வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும். நேற்று நீடில்ஸில் 76 காட்டிய டயர் இப்போது 64.

"ஒண்ணு குறைஞ்சிருக்கு?"

"குளிருக்கு மூணு நாலு குறையும். மலை மேல வெளிக்காற்று அழுத்தம் கம்மி, அதுக்கு மூணு கூடும். ரெண்டும் கழிஞ்சுபோச்சு" என்றார். நாலு டயரையும் பார்த்து, ஸ்டெப்னியையும் பார்த்து, வெயில் வரும் பக்கம் எது என்று மாப்பிள்ளையிடம் கேட்டு, அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கு வெள்ளைத் துணி உறையை மாட்டிவிட்டு வந்தார். காபி ஆறிவிட்டது. மறுபடி சுடவைத்துக் கொடுத்தேன்.